குடத்தில் விட்ட கை

கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்வதென்றால் சத்தமில்லாமல் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று தனக்கோடிதான் முதலில் சொன்னாள். குப்பமே அவளை மெச்சியது. அவள் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருந்த அடுப்பை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மெச்சிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள், தண்ணீரோடு ஓடி வந்திருப்பார்கள்.

மார்கழி முடிய எட்டு நாள் இருந்தது. கண்ணப்பன் வலையின் ஒரு முனையைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே ஆரம்பித்தான்.

"தனம், நமக்கு எட்டு வருசமாச்சு. ஒண்ணியும் சரியா வரல. நான் சுண்ணாம்புக்குளத்துல பேசிட்டேன். லோகநாதன் பொண்ணு, தேவகின்னு. நீ மனசு நோவாம தீர்த்துக் குடுத்துட்டீன்னா நல்லா இருக்கும். தை அமாவாசைக்குள்ள முடிச்சிக்கலாம்."

அவள் ஒப்பாரி வைப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து, சமாதானம் செய்யத் தன் அண்ணனை வேலிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தான். தனக்கோடி அதைப் பார்த்துவிட்டாள். அந்த அண்ணன்காரனின் தலை வேலிக்கு மேலே தெரிந்ததும் வந்த அழுகையை அப்படியே விழுங்கினாள்.

"அதுக்கின்னா, தீர்த்துக்கலாம்" என்றாள். "ஆனா சண்டை வாணாம், சத்தம் வாணாம். நாலு பேரு சிரிக்கிற மாதிரி வாணாம். வெளிய நிக்கிற உங்கண்ணன உள்ள வந்து கஞ்சி குடிக்கச் சொல்லு."

கண்ணப்பனின் கையில் இருந்த வலையூசி நின்றது. அவன் முகத்தில் ஒரு ஏமாற்றம் ஓடி மறைந்ததை அவள் கண்டுகொண்டாள். வெல்லக்கட்டியை வாயில் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றே முடிவு செய்துவிட்டாள்: சிரித்துக்கொண்டே போக வேண்டும், இவன் வயிறு எரிய வேண்டும். இப்படிப்பட்டவளையா விட்டோம் என்று ஒரு தடவையாவது இவன் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அமாவாசைக்குள் ஏன் அவசரம் என்று குப்பத்தில் யாரும் கேட்கவில்லை. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் பாடு என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, தை அமாவாசையன்று, கங்கையம்மன் கோயில் முன்னால் குடம் வைத்துப் பாடுகளைப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குறி. குறி கீறிய ஓலை நறுக்கைச் சுருட்டிக் குடத்தில் போட்டிருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு நறுக்கு. அதை எடுப்பது ஆண் அல்ல, அவன் பெண்டாட்டி. கல்யாணமாகாதவனுக்குப் பாடு கிடையாது. பெண்டாட்டி செத்தவனுக்கு வீட்டில் இருக்கும் மகள் எடுக்கலாம். குடத்தில் கை விட்டவள் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், இடையில் தீர்ப்பு என்ற பேச்சே கூடாது. கடலுக்கு வாய் திறக்கும் முகத்துவாரப் பாடு விழுந்தால் அந்த வீட்டில் வருஷம் முழுக்க இறால். ஏரியின் மேற்கு மூலையில் இருக்கும் சேற்றுப் பாடு விழுந்தால் வருஷம் முழுக்கச் சேறு.

பக்கத்து வீட்டு லோகாம்பாள் விஷயம் தெரிந்ததும் வேலியைப் பிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"ஏண்டி, உனக்கு மூளை கீதா? தீர்ப்பன்னிக்கு ஜொரம்னு சொல்லிப் படுத்துக்க. அமாவாசைக்கு நீயே குடத்துல கைய விட்டுட்டா அவன் இன்னொரு வருசம் உன் கூடத்தான் குடித்தனம் பண்ணியாவணும். ஒரு வருசத்துல அந்தச் சிறுக்கி எவனையாவது கட்டிக்கினு பூடுவா."

தனக்கோடி அரை நாள் அதை யோசித்தாள், பொய் சொல்வானேன். பிறகு வேண்டாமென்று விட்டாள். அவனைப் பிடித்து வைத்தால் அவன் மனசெல்லாம் சுண்ணாம்புக்குளத்தில் கிடக்கும். ஒரு வருஷம் அதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

ஆனால் ஒன்றை மட்டும் அடக்க முடியவில்லை. அந்தத் தேவகி எப்படி இருப்பாள் என்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக்குளம் போகிற தோணியில் ஏறிவிட்டாள். சுண்ணாம்புக்குளத்துக்குக் கருவாடு கொண்டுபோய் விற்பவளைப் பார்த்து யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அந்த ஊரிலேயே வீட்டுக்கு வீடு கருவாடு காய்கிறது. அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. லோகநாதன் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நேரே போய் எதிரே இருந்த புன்னை மரத்தடியில் கூடையை இறக்கினாள்.

முற்றத்தில் ஒரு பெண் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான். தனக்கோடி முதலில் இடுப்பைப் பார்த்தாள். ஒடிகிற இடுப்பு. தலைமயிரைப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். நிறத்தைப் பார்த்தாள், பல்வரிசையைப் பார்த்தாள். கண்ணில் ஏதாவது கோணல் இருக்கிறதா என்று தேடினாள். கடைசியில் பாதம் கொஞ்சம் பெரிதாக இருப்பது தெரிந்தது. வாத்துக் கால் என்று மனசுக்குள் பேர் வைத்துக்கொண்டதில் அவளுக்கு ஒரு கவளம் சோறு உண்ட தெம்பு வந்தது.

அந்தப் பெண் வலக்கையில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தாள். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, இடக்கையால் ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டாள். சோம்பேறி, என்று தீர்மானித்தாள் தனக்கோடி. இடக்கையால் வேலை செய்கிறவளைக் கட்டி இவன் என்ன வாழப் போகிறான்!

கருவாடு கேட்க வந்த ஒரு கிழவி அவள் பார்வை போகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "அதுவா, லோகநாதன் பொண்ணு. தாயில்லாத பொண்ணு. மூணு வருசமா அவ நைனாவுக்கு அதுதான் குடத்துல எடுக்குது, மூணும் நல்ல பாடு" என்றாள்.

"பாதம் பெருசா கீதே" என்றாள் தனக்கோடி.

கிழவிக்கு அது புரியவில்லை. பொறாமைக்குக் கண் கூர்மைதான், ஆனால் அது தான் பார்க்க விரும்பிய இடத்தை மட்டுமே பார்க்கும். காது அதற்குச் சுத்தமாகக் கிடையாது. தனக்கோடி தோணியில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இடுப்பையே நினைத்துக்கொண்டு வந்தாள். கண்ணப்பனின் கை அதைச் சுற்றுவதாக நினைத்தாள். தோணிக்காரன் கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆமாம்' என்றே பதில் சொன்னாள்.

கல்யாணமான முதல் தையில் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. குடத்தில் அவள் கை விட்டு எடுத்த நறுக்கில் முகத்துவாரத்தின் குறி இருந்தது. கண்ணப்பன் கூட்டத்துக்கு நடுவே ஓடி வந்து அவள் வலக்கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். "இது கையாடி? மகாலச்சுமிடி!" என்று சொல்லி அழுதேவிட்டான். அவன் அண்ணன்மார்கள் கேலி செய்தும் விடவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தின்றுதான் அவள் எட்டு வருஷம் வாழ்ந்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மார்கழியிலும் அவளை அரிவாள்மணை தொடவிட மாட்டான். அவனே மீன் அரிவான். சாயங்காலம் அவள் வலக்கைக்கு விளக்கெண்ணெய் தடவி, விரல் விரலாக நீவிவிடுவான். "என் கையில ஒரு கீறல் பட்டா அதுக்குப் பொறுக்காது" என்று அவள் குளக்கரையில் மற்றப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அவர்களையெல்லாம் புகைய வைத்தாள். ஐந்து வருஷம் முகத்துவாரமோ, அதற்கு அடுத்த நல்ல பாடோதான் விழுந்தது. பின்னால் மூன்று வருஷம் சேறு. எண்ணெய் நின்று இரண்டு தை ஆகிறது. எல்லாம் அந்தச் சிறுக்கி வந்த பிறகுதான் என்று தனக்கோடி பல்லைக் கடித்தாள். தேவகி என்ற பேரைக் கண்ணப்பன் கேட்டதே போன ஆடியில்தான். கணக்கு இடித்தது. வயிறு எரிகிறவள் கணக்கா பார்ப்பாள்?

தை பிறந்து நான்காம் நாள் தீர்ப்பு. ஊர்ப் பெரியதனக்காரர் கோயில் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் அந்தக் குப்பத்தில் முப்பது வருஷமாக வழக்குத் தீர்த்தவர். புருஷன் பெண்டாட்டி வழக்கென்றால் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வருவார். ஒருமுறை ஒரு பெண் எறிந்த உலக்கைக் கட்டை அவர் காதில் பட்டிருக்கிறது.

"யார் யாருக்கு இன்னா வேணும்? மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

"தோணி அதுக்கே. வலை அதுக்கே" என்றாள் தனக்கோடி. "என் சட்டிபானை, எங்கப்பா குடுத்த வெண்கலக் குண்டான், அது போதும்."

"வலையில பாதி அவ முடிஞ்சது" என்றான் கண்ணப்பன். கொஞ்சம் வெட்கப்பட்டவன்போல, "வேணும்னா பாதியை வெட்டிக் குடுக்கறேன்" என்றான்.

"நல்ல வலைய எதுக்கு வெட்டணும்? கிழிஞ்ச இடத்த மட்டும் தைச்சிக்க. தெக்கு ஓரத்துல ரெண்டு கண்ணி விட்டிருக்குது, பார்த்துக்க."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பெரியதனக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரு பீங்கான் தட்டு. நீலத்தில் பூ வரைந்தது. நல்ல இறால் விழுந்த ஒரு வருஷம், ஒல்லாந்தர் கோட்டைச் சமையல்காரனுக்கு இரண்டு கூடை இறால் கொடுத்துக் கண்ணப்பன் அவளுக்காக வாங்கி வந்தது. குப்பத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை.

"அது உன்னுது, நீயே எடுத்துக்கோ" என்றான் கண்ணப்பன்.

"வாணாம். புதுசா வர்ற பொண்ணு சாப்பிடட்டும்" என்றாள் தனக்கோடி.

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லோகாம்பாள் மட்டும் துடைக்கவில்லை, அவளுக்கு இவளைத் தெரியும். ஒவ்வொரு வேளையும் அந்தத் தட்டில் சோறு போடும்போது அந்த வாத்துக்காலி, 'இது மூத்தவள் தட்டு' என்று நினைக்க வேண்டும். நினைத்து ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் கொடுத்தாள்.

பிறகு தாலியைக் கழற்றித் தரையில் வைத்தாள். பெரியதனக்காரர் திருப்பாலைவனத்து வைக்கோலில் ஒரு துரும்பை எடுத்து ஒரு முனையை அவளிடமும் மறுமுனையை அவனிடமும் கொடுத்தார். நடுவே இரண்டு விரலால் பிடித்து முறித்தார். எட்டு வருஷம் முறிகிற சத்தம் பக்கத்தில் நின்ற ஆட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.

"இந்த மாதிரி ஒரு தீர்ப்பை என் ஆயுசுல பார்த்ததில்லம்மா" என்றார் பெரியதனக்காரர்.

தனக்கோடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணப்பன் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். அவன் பெரியதனக்காரரிடம், "அமாவாசைக்கு இன்னும் ஒம்பது நாள் கீது இல்ல?" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவ்வளவு பறக்கிறானே அவளுக்காக, என்று அவள் அடிவயிறு மறுபடி பற்றிக்கொண்டது.

தெற்குத் தெருவில் இருந்த அப்பா தாமோதரனின் வீட்டுக்குச் சட்டிபானையோடு போனாள். அம்மா செத்துப் பல வருஷமாகிறது. அப்பா, "குண்டானைக் கொண்டாந்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கொண்டுவந்தது தெரிந்ததும் நிம்மதியாக வெற்றிலை போட்டார். ஆறாம் நாள் கண்ணப்பன் வீட்டில் மேளம் கேட்டது. தனக்கோடி அன்றைக்கென்று வீட்டிலுள்ள பானையை எல்லாம் எடுத்துப் போட்டுச் சாம்பல் வைத்துத் தேய்த்தாள். அழுக்கே இல்லாத பானையையும் தேய்த்தாள்.

தை அமாவாசை வந்தது. கோட்டையில் விடியல் வெடி போட்டதும் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. குடத்துக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். தனக்கோடி அப்பாவோடு போய் நின்றாள். பெண்டாட்டி இல்லாத வீட்டுக்கு மகள் எடுக்கலாம், இந்த வருஷம் அவள் அந்த வீட்டு மகள்.

எதிர்ப் பக்கத்தில் தேவகி புதுச் சேலையில் நின்றாள். பழவேற்காட்டுத் தறியில் நெய்த சிவப்புக் கட்டம் போட்ட சேலை. தனக்கோடி இடுப்பைப் பார்த்தாள். இன்னும் ஒடிகிற மாதிரிதான் இருந்தது. அம்மா, தாயே, கங்கையம்மா, அவளுக்குச் சேற்றுப் பாடு விழட்டும், என்று வேண்டிக்கொண்டாள். உனக்கு ஒரு சேவல் அறுக்கிறேன். ஒன்று போதாதென்றால் இரண்டு.

கண்ணப்பன் வீட்டு முறை வந்தது. தேவகி நடந்து போனாள். அப்போதுதான் தனக்கோடி கண்டாள்: அவள் வலக்கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்ப்பது யார்? கண்ணப்பன். சிசுவின் கட்டை அவிழ்ப்பதுபோலச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். விளக்கெண்ணெய் பளபளத்தது. சொம்பில் வைத்திருந்த ஏரித் தண்ணீரில் அந்தக் கையைக் கழுவினான், விரல் விரலாக. அவன் அவள் இடுப்பைப் பார்க்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தேவகி குடத்தில் கை விட்டாள். நறுக்கைப் பெரியதனக்காரர் பிரித்துப் பார்த்தார்.

"முகத்துவாரம்!"

கூட்டம் ஓவென்று கத்தியது. கண்ணப்பன் கூட்டத்துக்கு நடுவே ஓடினான். தேவகியின் வலக்கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

"இது கையாடி? மகாலச்சுமிடி!"

அழுதேவிட்டான். அதே அழுகை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அழுததற்கும் இதற்கும் ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை.

தனக்கோடிக்குக் காது அடைத்தது. மூணு வருசமா அவ நைனாவுக்கு அதுதான் குடத்துல எடுக்குது, மூணும் நல்ல பாடு என்று கிழவி சொன்னது அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. எண்ணெய் நின்றது எந்தத் தையில் என்ற கணக்கும் அப்போதுதான் நேரானது. சேறு, மறுபடி சேறு, அப்புறம் எண்ணெய் இல்லை.

"தாமோதரன் வீடு!" என்று பெரியதனக்காரர் கூப்பிட்டார். அவள் போனாள். குடத்தில் கை விட்டாள். விரலுக்குத் தட்டுப்பட்டதை எடுத்துக் கொடுத்தாள்.

"சேற்றுப் பாடு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

அவள் திரும்பி வரும்போது கண்ணப்பன் தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனாலும் அவள் காதில் விழுந்தது.

"நல்லவேளை."

இருபது நாளாக அந்த முகத்தில் ஒரு வருத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்தது இதுதான். அவள் நின்றாள். நெஞ்சு வலித்தது, நன்றாகவே வலித்தது. அந்த வலிக்குள்ளிருந்தே ஒரு சிரிப்பு கிளம்பியது. தீர்ப்பன்று சிரித்த சிரிப்பு இல்லை இது, தானாக வந்தது. முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்க, சேற்றுப் பாடு எடுத்தவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று லோகாம்பாள் ஓடி வந்து உலுக்கினாள்.

"ஒண்ணுமில்லக்கா. நான் இருபது நாளா ஒரு இடுப்பைப் பார்த்துல்ல எரிஞ்சுகினு இருந்தேன்" என்றாள் தனக்கோடி.

சிரிப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. மத்தியானம் தனக்கோடி ஏரிக்கரையில் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தபோது தேவகி வந்தாள். அவள் கையில் அந்த நீலப் பீங்கான் தட்டு இருந்தது. கழுவ வந்தவள்போல எட்டி உட்கார்ந்தாள். கழுவவில்லை. முகம் வெந்துபோயிருந்தது.

"அக்கா, காலையில இன்னாத்துக்குச் சிரிச்சே? அது உன்னப் பார்த்து ஏதாவது ஜாடை காட்டுச்சா?"

தனக்கோடி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இருபது நாளாகக் கண்ணாடி மாதிரி ஏரித் தண்ணீரில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன தன் முகம்தான் அது. இப்போது அது வேறொருத்தி கழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு பொய் சொன்னால் போதும். ஆமாம், ஜாடை காட்டினான் என்றால் இவள் சோறு தண்ணீர் இறங்காமல் சாவாள். நாக்கு நுனிவரை அது வந்தது. தனக்கோடிக்கு அது இனித்ததும் உண்மை.

"எனக்கு ஜாடை காட்டலம்மா. அது உன் பக்கம்தான் பார்த்துச்சு" என்றாள். "மார்கழியில அரிவாள்மணை தொடவிட மாட்டான், பாரு. எண்ணெய் தடவி நீவி விடுவான். சுகமா இருக்கும். அவன் கல்யாணம் பண்ணிக்கினது அந்தக் கையைத்தான். நீயும் நானும் கூட ஒட்டிக்கினு வந்தவங்க."

"நல்ல கைதானே அக்கா?" என்றாள் தேவகி. சொல்லும்போதே குரல் இறங்கியது.

"நல்ல கைதான். எனக்கும் அஞ்சு வருசம் நல்ல கைதான் இருந்துச்சு."

தனக்கோடி குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அப்பா சேற்றுப் பாட்டுக்கு நண்டு வலை தேட ஆரம்பித்திருப்பார், போய் உதவ வேண்டும். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

தேவகி தட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த தன் வலக்கையை, நடுவீட்டில் வந்து உட்கார்ந்துவிட்ட சக்களத்தியைப் பார்ப்பதுபோல, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.